எய்னாரி

பட்டையின் உட்புறத்தை
எச்சில் தொட்டு ஈரமாக்குகிறேன்.
ஏப்ரல், காலை ஐந்து நாற்பது.
ரப்பர் விலாவில் பட்டதும்
மூச்சு ஒருமுறை பின்வாங்கித் திரும்புகிறது.

குவோப்பியோ பழைய சாமான் சந்தையில்
பட்டையும் கடிகாரமுமாக மூன்று யூரோ.
கண்ணாடியில் ஒரு கீறல்.
எட்டா ஆறா என்று
நின்று நிதானித்துத்தான் பார்க்க வேண்டும்.

நூற்று முப்பத்தைந்தைத் தாண்டாதே
என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள் செவிலி மெர்வி.
தாண்டினால் நடை.
இறங்கியபின் ஓட்டம்.
மூன்று மாதம்.
அவ்வளவுதான் பயிற்சி:
இருபது வருடம் ஓடியவள்
ஓடாமலிருக்கப் பழகுவது.

புய்யோ மேட்டில் கடிகாரம் கூவுகிறது.
நடக்கிறேன்.
இரட்டைக் கோலூன்றி வரும்
ஓய்வுபெற்ற தபால்காரி
என்னைக் கடந்து போகிறாள்,
கடக்கும்போது மன்னிப்பும் கேட்டுக்கொண்டு.
திட்டியிருக்கலாம்.

பனிக்காலத்தில் தூவிய பொடிக்கல்
இன்னும் சாலையில் நறநறக்கிறது.
ஏரியின் மேல் பனி
பழைய ஈயப் பாத்திரத்தின் நிறத்தில்.
உயர்மின் கம்பிகளுக்கு அடியில் வந்தால்
இருநூற்று இருபத்தொன்று காட்டும்.
ஐந்தாறு அடி
கணக்குப்படி செத்தவளாக நடந்து
அந்தப் பக்கம் பிழைத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் வாரம்
படகுக் கொட்டகை வளைவில்
எண் சரிந்தது.
நூற்றுப் பன்னிரண்டு.
வேகம் கூட்டினேன், பன்னிரண்டு.
மேட்டில் ஏறினேன், பதினான்கு.
கூவவே இல்லை.
தொடை எரிந்தது, காது அடைத்தது,
கடிகாரம் மட்டும்
மதிய உறக்கத்திலிருந்த பூனை மாதிரி.

பல்செட்டு செய்யும் பட்டறையில்
மெழுகு உருக்கிக்கொண்டே சொன்னேன்,
எனக்கு இருப்பது குதிரையின் இதயம் என்று.
சிர்க்கா தலை நிமிராமல்
குதிரைக்கும் பல் கட்டுவோமா என்றாள்.

ஒன்பது நாள் ஆயிற்று
ஒன்றைக் கவனிக்க:
எண் இறங்கும்போதெல்லாம்
இடப்பக்கத்தில்
ஆரஞ்சுத் தொப்பி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் அவர்தான் பேசினார்.
மார்ச் முதல் அந்தப் பாதையில்
அதுதான் முதல் பேச்சு.
"நீங்கள் பக்கத்தில் வந்தாலே
எனக்கு ஏறிவிடுகிறது."

சாலையைப் பார்த்தபடி
நாற்பது அடி ஓடினேன்,
பதில் தேடி.
அதற்குள் அவர் சட்டைக் கையை மேலேற்றி
மணிக்கட்டை நீட்டினார்.
என்னுடையதைப் போலவே ஒரு கிழட்டுக் கடிகாரம்.
நூற்று அறுபத்திரண்டு.

பழைய பட்டைகளுக்கு
சொந்தக்காரர் யாரென்று தெரியாது.
ஒரு கை தூரத்தில் எது அடித்தாலும்
அதை எடுத்துக்கொள்ளும்.
என் பட்டையில் பேட்டரியும் தேய்ந்து போயிருந்தது.

ஆக,
என் துடிப்பைக் கண்டு பயந்து
அவர் நின்று நின்று நடந்திருக்கிறார்.
அவர் நிதானத்தை என்னுடையது என்று நம்பி
நான் பறந்திருக்கிறேன்.
ஒருவர் கடனில் ஒருவர்,
வட்டி தெரியாமல்.

சிரிக்கவில்லை அவர்.
தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.
கலக்காத புது மாதிரி
கடையில் கிடைக்கிறதாம், எழுபது யூரோ.
விலை அதிகம் என்றேன்.
அதிகம்தான் என்றார்.
இனி இரண்டு மீட்டர் விட்டு ஓடுவது
என்று முடிவாயிற்று.

விட்டுத்தான் ஓடுகிறோம்,
படகுக் கொட்டகை வரை.
அங்கே பாதை குறுகும்.
பதினெட்டு, ஐம்பத்தொன்று, வெறும் கோடு,
முப்பது, மறுபடி கோடு.
எந்த எண் யாருடையது என்று
அந்த நூறு அடிக்கு
இருவரும் கேட்பதில்லை.

மாதக் கடைசியில்
மெர்வியிடம் நோட்டைக் கொடுத்தேன்.
ஒன்பது நாள் எண்களை
பென்சிலால் அடித்திருந்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
ஒரு பெயர் மட்டும்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
இரண்டு முறை படித்தாள்.
"எய்னாரி.
புது மாத்திரையா இது?
யார் எழுதிக் கொடுத்தது?"

முழங்கையை மேசையில் வைக்கச் சொல்லி
கைப்பட்டையைச் சுற்றி
காற்றடிக்கத் தொடங்கினாள்.