நான்காம் தளத்தின் வரைபடம்

லேபிள் கிழிந்த நாலு பிளொப்பிகளில் வந்தது அது.
பெயர் தெரியாததால் ‘கிடங்கு’ என்றோம்.
வித்தியாலயம் வீதியில், மருந்துக்கடைக்கு மேலே,
கிளமெண்டின் அறையில் இரண்டு கொம்பியூட்டர்கள்.
ஒன்றில் ஆட்கள் வேலைக்கு விண்ணப்பம் அடிப்பார்கள்.
மற்றதில், மணிக்கு இருபத்தைந்து ரூபாய்க்கு,
நாங்கள் மூன்று பேரும் பூமிக்குக் கீழே இறங்குவோம்.

கறுப்புத் திரை. பச்சை எழுத்து.
சுவர் என்பது ஒரு கோடு,
கதவு அந்தக் கோட்டில் ஒரு இடைவெளி.
பூதம் வெறும் ஓர் ஆங்கில எழுத்து.
ஆனாலும் அது கட்டம் கட்டமாக நெருங்கும்போது
மெரில்டா கால்களைக் கதிரைக்கு மேல் தூக்கிவிடுவாள்.

அவள் காயம் ஆற்றுகிறவள். கிளமெண்டின் தங்கை மகள்,
அதனால் அவளுக்குக் காசில்லை.
இம்தியாஸுக்கு வாள். நான் திருடி.
பூட்டுத் திறப்பதும் பொறி பார்ப்பதும் என் பொறுப்பு.
நாலாவது ஆள் இல்லாமல் விளையாட்டு தொடங்காது என்றது,
மந்திரவாதிக்குக் கிளமெண்டின் பெயரை வைத்தோம்.
ஒவ்வொரு சண்டையிலும் முதலில் அவன்தான் விழுவான்.
பில் எழுதியபடியே கேட்பான்:
“இண்டைக்கும் நான் செத்தாச்சோ?”

வாப்பாவின் அகராதியை இம்தியாஸ் தூக்கி வருவான்.
எந்தப் பரீட்சையிலும் வராத சொற்கள்
எங்களுக்குத் தண்ணிபட்ட பாடு:
தண்டாயுதம், மார்புக்கவசம், சாபம் நீக்கும் எண்ணெய்.
கரண்ட் போகும்.
முழு நகரமும் சேவ் பண்ணாமல் அணையும்.
இரண்டு மணித்தியாலத்து வீரம் போய்விட,
யன்னலுக்கு வெளியே கடல் மட்டும்
விட்ட இடத்திலிருந்து இரையும்.

கிடங்கு தனக்கு வரைபடம் தராது, நாங்களே கீற வேண்டும்.
கணிதக் கொப்பியின் கட்டத்தாள், சிவப்புப் பென்சில்.
நான்காம் தளத்தை முடிக்க மூன்று கிழமை எடுத்தது.
அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
இம்தியாஸ் வந்த பின்னேரம்,
உட்துறைமுக வீதிச் சாவடியில் மறித்தார்கள்.

ஆமிக்காரன் தாளை விரித்தான்.
அறைகள். ஒடுங்கிய பாதைகள்.
என் கையெழுத்தில், தெளிவாக:
எதிரி ஆறு பேர்.
சாவி இங்கே.
இரகசியக் கதவு.

“மே மொகத்த?”

எங்களிடம் இருந்த சிங்களம்
பஸ் ஏறவும் பாண் வாங்கவும் காணும்,
ஒரு பூதத்தை விளங்கப்படுத்தக் காணாது.
மெரில்டா தலையில் விரல்களால் கொம்பு வைத்துக் காட்டினாள்.
இம்தியாஸ் இல்லாத வாளை உருவப் போனான்.
அந்தக் கையை நான் எட்டிப் பிடித்த வேகம்
இன்றைக்கும் என் தோளில் இருக்கிறது.

மணல்மூட்டைக்குப் பக்கத்தில் குந்த வைத்தார்கள்.
எங்களைத் தாண்டி, அடையாள அட்டை இல்லாமல்,
ஒரு மான் சாவடியைக் கடந்தது.
ஆரோ சொல்லி, பில் புத்தகத்தோடு கிளமெண்ட் ஓடி வந்தான்.
அவன் சிங்களத்தில் என்னவோ சொல்லச் சொல்ல
அந்தப் பெடியன் முகத்தில் சிரிப்பு வந்தது.
பெடியன்தான். மீசை கூட ஒழுங்காக இல்லை.
எங்களை விட்டான்.
தாளை விடவில்லை.

அதற்குப் பிறகு நான்காம் தளத்தில் இருட்டில் நடந்தோம்,
சுவரில் முட்டி, திரும்பி, மறுபடி முட்டி.
பந்தத்தில் ஒன்பது நடைக்கான எண்ணெய் மிச்சமிருக்க
சேவ் பண்ணிவிட்டு எழும்பியதுதான்.
ஏன் திரும்பப் போகவில்லை என்று எழுதப் போவதில்லை,
அந்த வருசம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

போன மாதம் கிளமெண்ட் போன் எடுத்தான்.
ஹலோ சொல்லவில்லை.
“இன்னும் சாகேல்லை” என்றான்.

அந்தத் தாள் ஏதோ கோவையில் இருக்கும்,
திகதி குத்தி, இலக்கம் போட்டு.
யாரோ ஒரு அதிகாரி விளக்கு வெளிச்சத்தில்
அதை நகரத்தின் மேல் வைத்துப் பொருத்திப் பார்த்திருப்பான்:
இந்த வளைவு ஓர்ஸ் ஹில், இந்த அறை மீன் சந்தை,
எதிரி ஆறு பேர் பஸ் நிலையத்தில்.

நானும் ஒரு இரவு பொருத்திப் பார்த்தேன், ஞாபகத்திலிருந்து.
எல்லாம் கிட்டத்தட்டப் பொருந்தியது.
இரகசியக் கதவு மட்டும்
டச்சுக் குடாவில், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி,
தண்ணீருக்குள் விழுந்தது.