மறை எண்பது

பொரளைச் சந்தியில் டீசல் கானுடன்
நாலாவது மணித்தியாலம் நிற்கிறேன்.
முன்னால் ஹோட்டல்காரர் ஒருவர்,
பின்னால் லொறி கிளீனர்ப் பொடியன்.
"மிஸ்சுக்கு எதுக்கு டீசல்?"
பிறீசருக்கு என்றேன்.
"ஐஸ்கிறீம் கடையா? பாவம்" என்று இரங்கினார்.
நான் திருத்தவில்லை.

மூன்றாம் மாடியில்
மறை எண்பதில் உறங்குபவை
மறை அறுபத்திரண்டுக்கு வந்துவிட்டதாக
நுஸ்ரத் போனில் சொல்கிறாள்.
பதற்றமில்லை அவள் குரலில்.
தெர்மாமீட்டரை இன்னொருமுறை உதறிப் பார்க்கும்
தாய்மாரின் குரல் அது.

இருபத்தெட்டு வருடம் நான் செய்தது
இவ்வளவுதான்:
அடுத்தவர் தொண்டைக்குள் பஞ்சுக் குச்சி விட்டேன்.
ஓங்காளித்தார்கள். மன்னிப்புக் கேட்டேன்,
எந்த மொழியில் ஓங்காளித்தார்களோ அந்த மொழியில்.
பதினொரு நாள் முட்டையை இருட்டறையில்
விளக்கின்மேல் பிடித்து
நரம்பு சிவந்து அசைகிறதா என்று பார்த்தேன்.
பென்சிலால் காற்றறையின் எல்லை கீறி
அதற்கு ஒரு நூல் மேலே துளையிட்டு
ஊசி ஏற்றி மெழுகால் மூடினேன்.
மூன்றாம் நாள் குளிரில் வைத்துக் கொன்றேன்.
வெள்ளிக்கிழமை மச்சம் தொடாதவள் நான்.
முட்டைக்குக் கிழமை தெரியாது.

பிறகு கோழி இரத்தம், பிறகு காத்திருப்பு.
வைரஸ் இல்லையென்றால்
கிண்ணத்தின் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான்.
இருந்தால் வலை.
பொத்தானா வலையா என்று பார்த்துக்கொண்டிருந்ததில்
எத்தனை தாலிகட்டைத் தவறவிட்டேன்,
ஒன்று என் தங்கையினுடையது.

தொண்ணூற்றேழில்
நாரஹேன்பிட்ட தடைமுகாமில் வேனை மறித்தார்கள்.
பெட்டிக்குள் என்ன என்றான்.
"ஹெம்பிரிஸ்ஸாவ" என்றேன், தடிமன்.
மூடியைத் திறந்தான், பனிப்புகை முகத்தில் அடிக்க
சிரித்துவிட்டு மூடினான். சின்னவன், பருக்கள் ஆறாதவன்.
பிறகு என் அடையாள அட்டையைப் பார்த்தான்.
பிறந்த இடம்: கரவெட்டி.
சிரிப்பு நின்றது.
பெட்டி போகலாம் என்றான்.
பெட்டி போனது.
ஒன்றரை மணித்தியாலம் நான் வாங்கில் இருந்தேன்.

அன்று அந்தப் பெட்டியில் போனது
வனாத்தமுல்லையிலிருந்து வந்த நாலு வயதுக்காரியின் தொண்டை.
வைரசுக்குப் பெயர் வைக்கும் முறை உண்டு:
வகை, ஊர், இலக்கம், ஆண்டு.
ஏ, கொழும்பு, பதினாலு, தொண்ணூற்றேழு.
பிள்ளையின் பெயர் அதில் இல்லை, என் பெயரும் இல்லை.
என்னை இந்த நகரம்
எந்தப் படிவத்திலும் தன் ஊரவளாய் எழுதியதில்லை.
அதற்கோ ஒரு தும்மலில் ஊர் கிடைத்தது.

வென்றேன் என்று சொல்ல ஏதுமில்லை.
ஒவ்வொரு மழைக்கும் அது
இரண்டு எழுத்தை மாற்றிக்கொண்டு வரும்.
நான் பழைய சட்டையின் அளவைக் கையில் வைத்துக்கொண்டு
வாசலில் நிற்பேன்.
வெளிநாட்டுச் சஞ்சிகையொன்றில்
ஏழாவது பெயராய் ஒருமுறை வந்தேன்,
ஓர் எழுத்துக் குறைவாக.

"மிஸ், சின்ன பிறீசர்ல
ரெண்டு பெட்டிக்குத்தான் இடமிருக்கு.
எதை எடுக்க?"

இந்த வருடத்தையும் போன வருடத்தையும் என்றேன்.
அதுதான் சரி. பரீட்சையில் கேட்டாலும்
அதுதான் விடை.
போனை வைத்தேன்.
கான் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறியது.
திரும்ப எடுத்தேன்.
"நுஸ்ரத், இன்னும் ஒரே ஒரு குப்பி.
பதினாலு, தொண்ணூற்றேழு."
"அத முழுசா வாசிச்சாச்சே மிஸ்,
எழுத்தெழுத்தா கம்பியூட்டர்ல கிடக்கே."
"தெரியும்."
கொஞ்சம் மௌனம்.
"பட்டாணிப் பக்கெட் பக்கத்தில
செருகலாம்" என்றாள்.
சின்ன பிறீசருக்குள் பட்டாணி வைத்தது யாரென்று
இன்று கேட்கவில்லை.

ஹோட்டல்காரர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கித்
தும்மினார்.
"யாரோ நெனைக்கிறாங்க" என்றார் என்னைப் பார்த்து.
பழக்கதோஷம், அரையடி பின்வாங்கினேன்.
அந்த அரையடிக்குள்
கிளீனர்ப் பொடியன் தன் கானை வைத்துவிட்டான்.