வினா எண் 17 (ஆ)

கீழ்க்கண்ட வரியில் உள்ள அணியை எழுதுக. ஒரு மதிப்பெண்.
விடைக்குறிப்பில் ஒரே சொல்தான்:
பெர்சானிஃபிகேஷன்.
எழுத்துப்பிழை இருந்தால் அரை.

ஓட்டேரியில் ஒரு பள்ளிக்கூடம், எட்டாம் வகுப்பு பி பிரிவு.
நான்கு மின்விசிறியில் ஒன்று
சுற்றுவதாக நடிக்கிறது.
(இதுவும் அதே அணிதான். எனக்கு யார் மார்க் போடுவது?)
காலையில் பன்னிரண்டு தாள், மதியம் பன்னிரண்டு.
பெயர் இல்லை, ஊர் இல்லை,
முகப்பைக் கிழித்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.
கையெழுத்து மட்டும் மிச்சம்.

சிமிலி வர வேண்டிய இடத்தில் ஒருவன்
ஸ்மைலி என்று எழுதிப்
பக்கத்தில் ஒரு சிரித்த முகமும் போட்டிருந்தான்.
"பரீட்சையில சந்தோஷமா இருந்திருக்கான் பாரு"
என்று ஜெபக்கனி அரை மார்க் போட்டாள்.
ஆக்ஸிமோரானுக்கு ஆக்சிஜன் என்று
அடுத்தடுத்து மூன்று தாள்.
சிரித்தோம்.
ஷர்மதா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டோம்.
அவளுக்கு அந்தச் சொல்
இரண்டாயிரத்து இருபத்தொன்று, மே மாதம்.

கேள்வியில் இருந்த ஆங்கில வரி
தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக்
கடல் கரையேறி வந்தது.
நல்ல வரிதான்.
எழுதியவர் எந்த மாடியிலிருந்து பார்த்தாரோ.

பத்தொன்பதாவது தாள்.
ஆங்கிலத் தேர்வில், அந்த ஓரிடத்தில் மட்டும், தமிழ்:
தற்குறிப்பேற்றம்.
அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை,
ஸ்கேல் வைத்து அடிக்கோடு.
அதன் கீழே, இடம் வீணாகிறதே என்பதுபோல,
இன்னும் இரண்டு வரி:
எங்க வீட்டுக்கு வந்த தண்ணி செருப்பக் கழட்டல.
கட்டில் வரைக்கும் செருப்போடயே வந்துச்சு.

பேனாவை மூடி வைத்தேன்.

பெர்சானிஃபிகேஷன் என்றால்
கடலுக்கு இரண்டு கால் கொடுத்தால் போதும்.
தற்குறிப்பேற்றத்துக்கு அது போதாது.
இயல்பாய் நடப்பதன்மேல்
நம் குறிப்பை நாமே ஏற்றவேண்டும்.
அலை ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது என்று கேட்டு
மரியாதைக்காக என்று
நாமே பதிலும் சொல்லிக்கொள்ள வேண்டும்.
கடலுக்கு ஒன்றும் தெரியாது.
இந்தப் பிள்ளை
வரியின் சட்டைப்பைக்குள் கைவிட்டு
எழுதியவரையே வெளியே எடுத்துவிட்டது.

புளியந்தோப்பில் அந்த டிசம்பரில்
எங்கள் ஃப்ரிட்ஜ் மிதந்தது.
மிதந்தது என்றுதான் அன்றைக்குச் சொன்னேன்,
நீந்தியது என்று வாயில் வரவில்லை.
அணி வர நாளாகும்.
தண்ணீர் வடிந்து, சேறு வாரி,
பினாயில் வாடையும் போன பிறகு
மெல்ல வரும், நஷ்டக் கணக்கெடுக்க வந்த ஆள் மாதிரி.
(சிமிலி.)

சீஃப் தயாளன் சாரிடம் கொண்டுபோனேன்.
மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு
இரண்டு தடவை படித்தார்.
"கரெக்ட்தான்மா. ஆனா கீயில இல்லையே."
"கீயை விடக் கரெக்ட் சார்."
"அதுதான் பிரச்சனை."
பச்சைப் பேனா தாளுக்குமேல்
கொஞ்ச நேரம் யோசித்தது.
பிறகு அவர் மோரை எடுத்துக்கொண்டார்.
"இங்கிலீஷ் பேப்பர்ல தமிழ். ஜீரோ. ரூல் அப்படி."

போட்டேன்.
வட்டம் சரியாக மூடவில்லை.
கூட்டல் பார்ப்பவர் ஆறு என்று படித்தால் படிக்கட்டும்.
ஒரு மார்க் கேள்விக்கு ஆறு யாரும் போடமாட்டார்கள்,
கண்டுபிடித்துவிடுவார்கள்.

மீதி ஐந்து தாளிலும் பெர்சானிஃபிகேஷன்.
ஐந்திலும் சரியான எழுத்து.
டிக், டிக், டிக்.
ஓனோமட்டோபியா இந்த வருஷம் கேட்கவில்லை.

ஐந்தரை மணிக்கு வெயில் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது.
ஷேர் ஆட்டோவில் யாரும் பேசவில்லை.
வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்தில் அந்தக் கோடு,
இரண்டு முறை பெயின்ட் அடித்தும் தெரிகிறது.
அதற்கு மேலே காலண்டர், கரண்ட் பில்.

வாசலில் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு
இன்னொன்றோடு சற்று நின்றேன்.
உள்ளேயிருந்து மகன் கேட்டான்,
"யாரும்மா?"