இருபது கிலோவுக்குக் கீழே

சைக்கிளுக்குப் பின்னால் இன்னொரு வண்டி கட்டியிருக்கிறேன்.
தக்காளி கிரேட் ஒன்று,
சின்னப்பிள்ளைச் சைக்கிளின் சக்கரம் இரண்டு,
பழையபேட்டை ரியாசுதீன் பற்றவைத்த இரும்பு,
மழைக்கு ஒரு ஃப்ளெக்ஸ் துண்டு.
யார் வீட்டுக் காதுகுத்துக்கோ அடித்தது,
இன்னமும் அனைவரையும் வருக வருக என்கிறது.

உட்காரும் இடத்தை அவர் பின்பக்கமாகத் திருப்பிவிட்டார்.
"எதிர்க்காத்துத் தூசி மூஞ்சியில அடிக்காது பாருங்க."
அதனால் வரப்போவதை நான் பார்க்கிறேன்,
போய்விட்டதை சஷ்விகா பார்க்கிறாள்.

"அம்மா, மலை போவுது."
சையத் பாஷா மலை எங்கேயும் போகாதுடி என்று கத்துகிறேன்.
பாதிச் சொல்லை லாரி எடுத்துக்கொள்கிறது.
"டாட்டா சொல்லிட்டேன்."

ஓட்டும்போது அவள் முகம் தெரியாது, அதுதான் கஷ்டம்.
கண்ணாடி வாங்கி மாட்டினேன்.
அதில் கொடிக்கம்பும் கொஞ்சம் வானமும்.
தொடையால் பார்க்கப் பழகிக்கொண்டேன்.
ஒரு பக்கம் சாய்ந்தால் ஆடு.
இரண்டு பக்கமும் குலுங்கினால் பாட்டு.
சட்டென்று கனத்து, அசையாமல் வந்தால்
தூங்கிவிட்டாள்.
தூங்குகிற பிள்ளைக்கு எடை கூடுதல்.
தராசு ஒப்புக்கொள்ளாது.
ராயக்கோட்டை மேம்பாலத்தின் ஏற்றம் ஒப்புக்கொள்ளும்.

எனக்கு வேலையே எடைமேடையில்தான்.
கிரானைட் கல், மாங்கூழ் டிரம், எம்-சாண்ட், வைக்கோல்.
மொத்தத்தில் வண்டியைக் கழித்தால் சரக்கு.
காலையிலிருந்து ராத்திரி வரை கழித்தல்.
பால்வாடி இல்லாத சனிக்கிழமை அவளும் வருவாள்,
மேசைக்கடியில் உட்கார்ந்து
வீணாய்ப்போன ரசீதுகளின் முதுகில்
வட்டம் வட்டமாய்ப் போடுவாள்.
வட்டம் மட்டும்தான் இப்போதைக்கு வரும்.

போன சனி மத்தியானம் மேடை காலி.
பர்கூர் கல்லுவண்டி ஓட்டும் திம்மராயன்
டீ கிளாசோடு நின்றவர் சொன்னார்:
"உங்க வண்டிய ஏத்துங்க மேடம், ஓவர்லோடு பாக்கலாம்."

ஏற்றினேன்.
நான், சைக்கிள், கிரேட், அவள்.
சிவப்பு எழுத்தில் நூறு.
நான் இறங்கினேன், நாற்பது.
சைக்கிளைக் கழற்றி எடுத்தோம், இருபது.
"பாப்பாவ மட்டும் நிக்க வைங்க."

லாரி நீளத்துக்குக் கிடக்கும் இரும்பின் நடுவில்
ஒற்றைக்கால் செருப்போடு நின்றாள்.
மற்றது காலையில் டோல்கேட் அருகே டாட்டா வாங்கிக்கொண்டது.

சிவப்பு எழுத்து 0.

இருபது இருபதாய்த்தான் அது எண்ணும்.
எனக்குத் தெரியாதா,
சண்டைக்கு வரும் டிரைவர்களுக்கெல்லாம்
தினம் விளக்கிச் சொல்கிறவளே நான்தானே.
ஆனாலும் பால்வாடி அட்டை ஞாபகம் வந்தது.
ஒன்பது கிலோ நானூறு, மஞ்சள் கட்டம்.
முட்டை குடுங்க என்றார் பானுரேகா டீச்சர்.
குடுக்கிறேன் டீச்சர்.
வெள்ளையைத் தின்று மஞ்சளைத் துப்புகிறாள்.

அவள் குதித்துப் பார்த்தாள்.
எண் அசையவில்லை.
அண்ணாந்து பார்த்துக் கத்தினாள்:
"அம்மா, அங்க பாரு, என் வட்டம்!"

திம்மராயன் சிரிப்பை டீயோடு விழுங்கினார்.
"ரசீது அடிச்சுக் குடுங்க மேடம், காசு நான் தரேன்."
அடித்தேன்.
வண்டி எண் இல்லை. சரக்கு என்ற இடத்தில்
என்ன போடுவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.
எடை 0.
அவள் அதை நாலாய் மடித்து கிரேட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் மேம்பாலம் ஏறும்போது எதிர்க்காற்று.
ஆலைப் பக்கமிருந்து புளித்த மாம்பழ வாசனை.
தர்மபுரி பஸ் உரசிக்கொண்டு போக,
பாதி ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன்.
பின்னால் சத்தமில்லை.
தூங்கிவிட்டாள் என்றுதான் தொடை சொன்னது.

"அம்மா, பேப்பர் போச்சு."
எந்தப் பேப்பர்?
"வட்டப் பேப்பர். டாட்டா சொல்லிட்டேன்."

நிற்கவில்லை நான். ஏற்றத்தில் நின்றால்
திரும்ப நகர்த்துவது பெரும்பாடு.
வண்டி மட்டும்
ஒரு துளிகூட லேசாகவில்லை.