தலையெழுத்து, ஷென்டன் வே

நாற்பத்தொன்றாம் மாடிக்கு மேல்
மின்தூக்கி போகாது.
அங்கிருந்து இரும்பு ஏணி,
இடுப்பில் கயிறு.
காற்று சட்டைக்குள் புகுந்து
ஆள் எவ்வளவு கனம் என்று பார்க்கும்.

தீவு முழுக்கப் படிக்கும் பெயர்
பக்கத்தில் போனால் பெயரில்லை.
தகரப் பெட்டி, பால்நிறப் பலகை,
வயிற்றுக்குள் வரிசையாய் விளக்குப் பொட்டுகள்,
செத்த ஈசல்,
மைனா கட்டிப் பாதியில் விட்ட கூடு.
ஓ என்ற எழுத்துக்குள் கால் நீட்டி உட்கார்ந்து
ரஸ்லான் நாசி லெமாக் சாப்பிடுவார்.
அவ்வளவு பெரிய ஓ.

நார்வேன் வங்கியை எவரோ வாங்கிவிட்டார்கள்.
ஏழு ஆங்கில எழுத்து இறங்க வேண்டும்,
எட்டு ஏற வேண்டும்.
மூன்று சனி இரவு அனுமதி.
தலையெழுத்தை அழித்து எழுத முடியாதென்பார்கள்.
இந்த ஊரில்
விலைப்புள்ளி கேட்டு எழுதுகிறார்கள்.
குறைந்த விலை எங்களுடையது.

முதல் சனி
இந்தப் பக்கமிருந்து என், ஓ, ஆர்.
அந்தப் பக்கமிருந்து ஈ, இன்னொரு என்.
நடுவில் இரண்டு மிச்சமிருக்கையில்
செந்தோசாப் பக்கம் வானம் வெளுத்தது.
மின்னல் எச்சரிக்கை. இறங்கிவிட்டோம்.
கெங் ஹுவாட் கதவைப் பூட்டி
தலைகளை எண்ணினார்.
நேரக்கருவியை அணைக்க மறந்தது நான்.
அறிக்கையில் ‘மறக்கப்பட்டது’ என்று எழுதினேன்.

ஞாயிறு மாலை ஏழு மணிக்கு
அது தானாக எரிந்தது.
வி. ஏ.
மூன்று மீட்டர் உயரம், நீலம்.

ஊட்ரம் மருத்துவமனை, எட்டாவது மாடி.
கப்பல்பட்டறையில் கால் நசுங்கிய
பேராவூரணிக்காரர் ஒருவர்தான்
முதலில் படித்தாராம்:
“சிஸ்டர், அங்க பாருங்க.
வா-ன்னு எழுதியிருக்கு.”

தாதி பரிமளா என் மனைவி.
படம் எடுத்து அனுப்பினாள்.
கீழே ஒரு வரி:
யாரைக் கூப்பிடுறீங்க?

ரயில் நிலையத்தில் தமிழ் உண்டு, நாலாம் வரியில்.
மின்பெட்டிக் கதவில் உண்டு,
மண்டையோட்டுக்குக் கீழே அபாயம் என்று.
வானத்தில் நான் பார்த்ததில்லை.
அன்றைக்கு வந்தது,
ஆங்கில உடுப்பில்,
யாரும் டெண்டர் விடாமல்.

வங்கியிலிருந்து மூன்று அழைப்பு.
ஒன்பதரைக்கு மேலே போனேன்.
எழுத்துக்குப் பின்னால் நின்றால்
முதலெழுத்து கடைசி, கடைசி முதல்.
ஊருக்கெல்லாம் வா.
எனக்கு மட்டும் ஆவ்.
கொட்டாவி.
இரவு முழுக்கத் தூங்காதவனுக்குச்
சரியான சொல்தான்.
அதன் தலைக்கு மேல்
விமானங்களுக்கான சிவப்பு விளக்கு
புள்ளி வைத்தது, எடுத்தது,
வைத்தது.
மெய்யா உயிர்மெய்யா என்று
அதற்கே நிச்சயமில்லை.

சுவிட்சில் கை வைத்தபோது
பரிமளாவின் அடுத்த செய்தி:
அந்த ஆள் கட்டிலை
ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னார்.
திருப்பியிருக்கேன்.
‘எங்க வரணும்னு எழுதலையே’ங்கிறார்.
பத்து மணிக்கு வார்டு விளக்கு அணைப்போம்.

பைக்குள் போன் நடுங்கிக்கொண்டே இருந்தது.
நாலாவது அழைப்பு, ஐந்தாவது.
தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து
கப்பல்களை எண்ணினேன்.
எண்பத்தாறு வரை வந்தது.
பத்து.
அணைத்தேன்.

அடுத்த சனி இரண்டும் இறங்கின.
லாரியில் இடம் போதவில்லை,
வி-யைத் தலைகீழாய்க் கவிழ்த்து
ஏ-யின் மேல் அடுக்கினோம்.
துவாஸ் வரை ஆடவில்லை.

இப்போது புதுப்பெயர் எரிகிறது, வெள்ளையில்.
நடுவில் ஆறு எழுத்து பழுதானால்
மிச்சம் ‘போ’ வருமாம்.
பரிமளா கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.

அந்தக் கட்டிலில் வேறு ஆள்.
ஜன்னல் பக்கம் திருப்பியபடியே கிடக்கிறது.
பேராவூரணிக்காரர் போய்விட்டார்.
ஊருக்கா, பட்டறைக்கா,
தாளில் எழுதவில்லை.