பச்சை மூடி

முள்ளோடை பங்க்கில்
பெட்ரோலுக்கு எப்போதும் வரிசை. எனக்கு இல்லை.
கடலூர்க் கார்கள் எல்லை தாண்டி வருவது
லிட்டருக்கு மிச்சமாகும் சில ரூபாய்க்காக.
அந்த மிச்சத்தில் கொஞ்சத்தைத்தான் நான் கேட்கிறேன்:
"நைட்ரஜன் போட்டுக்கிறீங்களா சார்?"
கண்ணாடியை இறக்காமலே
தலையசைத்து மறுப்பவர்கள் பாதி.
மீதியில் பாதிப் பேருக்கு ஒரே கேள்வி:
"காத்துக்குக் காசா?"

டயருக்கு இருபது.
குறைந்ததை மட்டும் நிரப்பப் பத்து.
ஸ்டெப்னியும் சேர்த்தால் பச்சை மூடி இலவசம்.
சூடாகாது, சீக்கிரம் இறங்காது, ரிம் துருப்பிடிக்காது,
மேலாளர் லூர்துநாதன் மனப்பாடம் பண்ணச் சொன்னது.
முதல் வாரம் மனப்பாடச் செய்யுள் மாதிரி ஒப்பித்தேன்.
இப்போது "போட்டா நல்லது சார்" என்பதோடு சரி.

நெல்லிக்குப்பம் டாக்ஸி இத்ரீஸ் பாய்தான்
வண்டியை விட்டு இறங்கிக் கேட்டார்:
"ஏம்மா, வெறுங்காத்துலயே முக்காவாசி அதானே?"
முக்காலுக்கும் மேலே, பாய். எழுபத்தெட்டு.
பாகூர்ப் பள்ளியில் வேதியியலில்
நான் வாங்கிய மார்க்கும் அதுவேதான்.
"அப்ப மீதி இருபத்திரண்டுக்கா எண்பது ரூபா?"
மீதியை எடுக்கறதுக்கு, பாய்.
சிரித்துவிட்டு
முன்சக்கரம் இரண்டுக்கு மட்டும் போடச் சொன்னார்.

முதலில் உள்ளே இருப்பதை வெளியேற்ற வேண்டும்.
வால்வை அழுத்தினால் உஸ்ஸென்று
விரல் நுனியில் குளிர்.
எந்த ஊர்க் காற்றோ.
உளுந்தூர்பேட்டை டோல் அருகே அடித்தது,
திருநள்ளாறு போய் வந்தது.
சிப்காட் பக்கம் நிரப்பியதாக இருந்தால்
அந்த நெடி இருக்குமோ என்று
முகர்ந்துகூடப் பார்த்திருக்கிறேன்.
எல்லாம் ரப்பர் வாசனைதான்.

பெட்டிக்குப் பின்னால் ஒரு குழாய்.
வேண்டாமென்று கழித்த ஆக்சிஜன்
அது வழியாகப் போகிறது.
அங்கே யாரும் நிற்கக் கூடாது,
பீடி கூடவே கூடாது.
கருப்பு நாய் மட்டும்
மதியத்தில் அந்தக் குழாயடியில்
நான்கு காலும் விரியத் தூங்கும்.

முதல் மாதம்
அந்தப் பக்கம் திரும்பவே எனக்கு ஆகவில்லை.
இதே போல் ஒரு பெட்டி, உயரம் குறைவு, சக்கரம் வைத்தது,
கிருமாம்பாக்கத்தில் எங்கள் வீட்டில்
பதினாறு நாள் இரைந்துகொண்டிருந்தது.
நாள் வாடகை ஆயிரத்து எண்ணூறு. தோடு அடகில்.
அதுவும் காற்றைத்தான் பிரித்தது.
ஆக்சிஜனை இவர் மூக்குக்கு அனுப்பிவிட்டு
நைட்ரஜனை அறைக்குள் துப்பியது.
கரண்ட் போன ராத்திரி
தன் இன்வெர்ட்டரிலிருந்து சுவர் மேலே ஒயர் இழுத்துக் கொடுத்தார்
பக்கத்து வீட்டு மரியசூசை.
முந்தின வாரம்தான் சாக்கடைத் தண்ணீருக்காக
என்னோடு சண்டை போட்டிருந்தார்.
விரலில் மாட்டிய கருவியில்
எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது, மறுபடி எண்பத்தெட்டு.
தொண்ணூற்றைந்து வந்தால் போன் பண்ணுங்க
என்றிருந்தார் டாக்டர்.

இப்போது என் எதிரே சிவப்பு எழுத்தில்
நாளெல்லாம் தொண்ணூற்றைந்து.
நைட்ரஜனின் சுத்தம் அது. தெரியும்.
தெரிந்தும், காலையில் சுவிட்சைப் போட்டு
எண் ஏறி ஏறி அங்கே வந்து நிற்கிறவரை
ஹோஸைக் கையில் எடுப்பதில்லை.

அவர் பிழைத்தார்.
கன்னியகோவிலில் பரோட்டாவுக்கு மாவு பிசைகிறார்.
பாதியில் ஒருமுறை கையை ஊன்றி நிற்பார்.
கடைக்காரர் அந்த நேரம்
கல்லாவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன வாரம் இத்ரீஸ் பாய் மறுபடி வந்தார்.
முன்னால் இரண்டும் முப்பத்தொன்று,
பின்னால் இருபத்தாறு.
"பின்னாடிதான் ஆளுங்க உக்கார்றாங்க, லோடு அதிகம்" என்றார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பின்னாலும் போடு என்றார்.

ஆறு மணிக்கு ஷிப்ட் முடியும்.
என் ஸ்கூட்டியின் பின்சக்கரம்
தினமும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.
ஊழியருக்கு நைட்ரஜன் பாதி விலை.
நான் ஓரத்துக் குழாய்க்குத் தள்ளிக்கொண்டு போகிறேன்.
அங்கே இலவசக் காற்று, எல்லாம் கலந்தது.
இருபத்தொன்பது வந்ததும் நிறுத்தி
கருப்பு மூடியைத் திருகுகிறேன்.
நாய் எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு,
ரோடு வரை கூட வருகிறது.