வயிற்றுவார்

மதுரையில் கல்யாண ஊர்வலத்துக்கு நின்ற குதிரை.
பேண்டு சத்தத்துக்கு மிரளுதென்று
பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.
அரியமான் கரையில் பேண்டு ஏது,
சவுக்கும் அலையும்தானே என்று
மிக்கேல் மினிலாரியில் ஏற்றி வந்துவிட்டார்.
பெயர் அங்கேயே வைத்திருந்தார்கள்: சில்வியா.

சாமான் விலை எழுதி வந்த தாளை
மாதா படத்துக்குப் பின்னால் செருகினேன்.
குளம்பு கெல்லும் கொக்கி அறுநூற்றி நாற்பது.
தேய்க்கிற பிரஷ் மூன்று தினுசு, மூன்றும் வேணுமாம்.
ஈ அண்டாமல் முகத்துக்கு ஒரு மூடி,
அதன் விலையை வாய்விட்டுப் படிக்கவில்லை.

படகு அக்கரையில் பிடிபட்டுக் கிடக்கிறது.
அதன் மிச்சம் எங்கள் வாசலில்.
கிழிந்த நண்டுவலையை மடித்துத் தைத்தேன்,
வைக்கோல் திணிக்கப் பை.
தாழக் கட்டி முதல்நாளே முன்கால் சிக்கியது.
கத்தரிக்கோலோடு ஓடினேன்.
இப்போது என் தலைக்கு மேலே தொங்குகிறது.

பழைய ஸ்க்ரூடிரைவரின் நுனியை
அம்மியில் மழுக்கினால் கொக்கி.
கழிவறைக்கு வாங்கி வைத்த பனந்தும்பு பிரஷ்
கழிவறையைப் பார்க்கவேயில்லை.
ஐஸ்பெட்டியில் தவிடு வைத்தேன்,
தவிட்டை விட்டுத் தெர்மாகோலைக் கடித்தது.
நீல பேரலைப் பாதியாக அறுத்தோம்.
கடலில் குளித்த உப்பைக் கழுவ
குடம் பத்து ரூபாய்த் தண்ணீர்.
அதற்கு மட்டும் மாற்று கிடைக்கவில்லை.
மிக்கேலின் பனியனை நனைத்து நனைத்துத் துடைத்தேன்,
பனியனைக் காணோமென்று அவர் தேடினார்.

ஆக்னஸ் புதுநன்மைக்குப் போட்ட வலைமுக்காடு
டிரங்குப்பெட்டியில் மஞ்சளித்துக் கிடந்தது.
கேட்டேன். யோசித்தாள்.
"பூவைப் பிச்சுராதீங்க" என்றாள்.
பூவோடு கட்டினோம்.
பங்குச்சாமியார் அந்த வழியாக வந்தவர்
வண்டியை நிறுத்திப் பார்த்தார்.
சிரித்தாரா என்று தெரியவில்லை, மீசை பெரிசு.

தாளின் பின்பக்கம் மிச்சக் கணக்கு எழுதினேன்.
பத்தாயிரம் தாண்டிய அன்று
எனக்குள் ஒரு திமிர் வந்தது.

வயிற்றுவாருக்கு
மண்டபம் ஒர்க்‌ஷாப்பில் சீட்பெல்ட் ஒன்று,
எழுபது ரூபாய், உடைந்த மாருதியிலிருந்து.
மனுஷனைத் தாங்குகிறது,
சேணத்தைத் தாங்காதா?

காரைக்குடியிலிருந்து வந்த பிள்ளை, ஆறு வயசு.
பத்தடி போனதும் சேணம் பக்கவாட்டில் சுழன்றது.
மணல், அதனால் ஒன்றுமில்லை.
அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை.
பிள்ளையின் தலையிலிருந்து மணலைத் தட்டினாள்,
தட்டிக்கொண்டே இருந்தாள்.
இருநூறு ரூபாயை நீட்டினேன், திருப்பித்தான்.
அவள் கை அதற்கு வரவில்லை.

உச்சிப்புளி அடகுக்கடையில் தோடு.
நாலாம் நாள் தோல்வார் வந்தது,
செருப்புக்கடை வாசனையோடு.

கட்டிய பிறகுதான் கவனித்தேன்.
வாரை இழுக்கும்போது சில்வியா
மூச்சை அடக்கி வயிற்றை உப்பிக்கொள்கிறாள்.
நாம் முடிந்துவிட்டு நகர்ந்ததும்
மெல்ல விடுகிறாள். வார் தளர்கிறது.
அப்படியென்றால் சீட்பெல்ட்டின் மேல் பிழையா,
என் அவசரத்தின் மேலா?
மிக்கேலிடம் இதைச் சொல்லவில்லை.
தோடு போனது போனதுதான்.

சீட்பெல்ட் இப்போது துணிக்கொடி.
ஈரப் போர்வையைப் போட்டாலும் தொய்வதில்லை.
நான் காலையில் வாரை இழுத்துவிட்டு,
அவள் கழுத்தில் கை வைத்து,
கடலைப் பார்த்தபடி நிற்கிறேன்.
மூச்சு விடட்டும்.
அப்புறம் இன்னும் ஒரு துளை.